மலை ஊருக்குச் சாட்டிலைட் நெட் வருமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரூரைச் சுற்றி கேபிள் டிவி இணைப்பில் தொடங்கி இன்று ஃபைபர் நெட் வரைக்கும் பதினைந்து வருடமாக இந்த ஒயர் வேலைதான் செய்கிறேன். ஒரு வீட்டில் ரவுட்டர் மாட்டி முடிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஏங்ண்ணா, வானத்துல இருந்தே நெட் வருதாமே, அப்புறம் எதுக்கு இந்த ஒயர்?" என் அம்மா பிறந்தது சித்தேரி மலை மேலே. அங்கே இன்னும் பாறை மேல் ஏறி நின்றுதான் மாமாவுக்குப் போன் பேச முடிகிறது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நிறையப் படித்தேன், படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஃபைபர் போட்டுப் பிழைக்கிறவன் நான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இது மாடியில் இருக்கும் டிடிஹெச் குடை மாதிரிதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும், வேலை வேறு. டிடிஹெச் குடை கேட்க மட்டும் செய்யும். வானத்திலிருந்து ஒரே நிகழ்ச்சி ஊருக்கெல்லாம் பொழிகிறது, பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் சாட்டிலைட்டுக்கு ஒரே வேலைதான். நெட் அப்படி இல்லை. நீங்கள் கேட்பது உங்களுக்கு மட்டும் வர வேண்டும், பக்கத்து வீட்டுப் பையன் கேட்பது அவனுக்கு மட்டும் போக வேண்டும். அதனால் சாட்டிலைட் நெட் குடை பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். ஆட்கள் கூடக் கூட ஆளுக்குக் கிடைக்கும் பங்கும் குறையும்.

இன்னொன்று. உங்கள் குடையிலிருந்து மேலே போகும் தகவல் அங்கேயே நின்றுவிடாது. சாட்டிலைட் அதை எங்கோ ஒரு தரை நிலையத்துக்கு இறக்கும், அங்கிருந்து ஃபைபர் ஒயரில்தான் மற்ற உலகத்துக்குப் போகும். ஒயரே இல்லாத இணையம் என்று எதுவும் கிடையாது, உங்கள் வீட்டு வாசலில் ஒயர் இல்லை, அவ்வளவுதான்.

சாட்டிலைட் நெட் முன்னாடியே இருந்ததே, இப்போது ஏன் இவ்வளவு பேச்சு?

இருந்தது, இருக்கிறது. சில ஏடிஎம் கட்டடத்து மேலே ஒரு குடை நிற்கும், பார்த்திருப்பீர்கள், அது பழைய வகைச் சாட்டிலைட் இணைப்பு. சாட்டிலைட்டைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் யோசனையும் நம் நாட்டுக்குப் பழசுதான். 1975-76லேயே நாசாவின் ஏடிஎஸ்-6 சாட்டிலைட் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். 2004இல் பாடம் நடத்துவதற்கென்றே எஜுசாட்டை இஸ்ரோ அனுப்பியது.

மாறியது உயரம். பழைய வகை சாட்டிலைட்கள் 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். ஒன்று இருந்தால் நாடே தெரியும், அது நல்ல வசதி. ஆனால் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கேள்வி மேலே போய், தரை நிலையத்துக்கு இறங்கி, பதில் மறுபடி மேலே போய், உங்களிடம் இறங்க வேண்டும். நாலு தடவை 35,786 கி.மீ., மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் கி.மீ. ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ., எனவே பயணத்துக்கே கிட்டத்தட்ட அரை நொடி போய்விடும். வீடியோ காலில் டாக்டரிடம் பேசினால் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

ஈலான் மஸ்க்கின் கம்பெனி நடத்தும் ஸ்டார்லிங்க் என்ற சாட்டிலைட் நெட்டின் சாட்டிலைட்கள் சுற்றுவது ஏறக்குறைய 550 கி.மீ. உயரத்தில். அதே கணக்கைப் போட்டால் நாலு தடவைக்கும் சேர்த்து 2,200 கி.மீ.தான், ஏழு மில்லி நொடி, அதாவது ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு. மற்ற தாமதம் எல்லாம் சேர்ந்தாலும் வழக்கமாக 25 முதல் 60 மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது, அதனால் பேச்சு இயல்பாக இருக்கும். இதில் சிக்கல் என்னவென்றால், இவ்வளவு தாழ்வாகச் சுற்றும் சாட்டிலைட் உங்கள் தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும், அது போனதும் அடுத்தது வந்து பிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது. 2019 மே மாதம் 60 சாட்டிலைட்களோடு தொடங்கிய ஸ்டார்லிங்க்குக்கு 2025 முடியும்போது 9,000க்கு மேல் ஆகிவிட்டது. ஏர்டெல்லை நடத்தும் பார்தி குழுமம் பெரிய பங்கு வைத்திருக்கும் ஒன்வெப் என்ற இன்னொரு சாட்டிலைட் நெட் நிறுவனத்துக்கு 1,200 கி.மீ. உயரத்தில் அறுநூறு சொச்சம் சாட்டிலைட். அதில் 72ஐ 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்விஎம்3 ராக்கெட்தான் கொண்டுபோய் விட்டது.

சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் மாதிரி ஊர்களுக்கு இதனால் நிஜமாகவே பயன் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தையே இதற்காகத்தான் எழுதுகிறேன்.

மலை ஊருக்கு ஃபைபர் கொண்டுபோவது எப்படி என்று வேலை செய்கிறவனாகச் சொல்கிறேன். கம்பம் கம்பமாக ஒயர் இழுக்க வேண்டும், வழியில் காப்புக்காடு வந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை கம்பத்தில் உரசினால் போச்சு, சித்தேரிப் பக்கம் குரங்கு ஒயரைக் கடித்துவிடும், ஒரு மரம் சாய்ந்தால் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். இதையெல்லாம் தாண்டி மேலே போனால் இருபது வீடு இங்கே, முப்பது வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கும். போட்ட காசு திரும்பாது என்று எந்தக் கம்பெனியும் போகாது. டவரும் அப்படித்தான், அதோடு மலை மடிப்பு மறைத்துவிட்டால் டவர் இருந்தும் அடுத்த சரிவில் சிக்னல் இருக்காது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில்கூட ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அந்த மாதிரி ஊருக்கு யார் ஒயர் இழுப்பார்கள்?

ஆனால் கீழே இருக்கும் நிர்வாகம் எல்லாவற்றையும் நெட்டுக்கு மாற்றிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால்தான் அரிசி, மெஷினுக்கு நெட் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போனால் வருகைப் பதிவைப் போட்டோ எடுத்து போனில் ஏற்ற வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை எல்லாம் இ-சேவை. கொரோனா சமயத்தில் பிள்ளைகளுக்குப் பாடமே போனில்தான் என்றபோது என் மாமா பெண் ஒரு பாறை மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நெட் இல்லாத ஊர் முன்பு வசதி குறைந்த ஊராக இருந்தது. இன்று அது அரிசிக்கும் கூலிக்கும் அலைய வேண்டிய ஊர்.

இந்த இடத்தில் சாட்டிலைட் குடைக்கு இணையாக வேறு எதுவும் கிடையாது. வானம் தெரிந்தால் போதும். அனுமதி, கம்பம், குழி, காடு எதுவும் குறுக்கே இல்லை. மலை மேல் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒருவர் பிரசவ நேரத்தில் கீழே இருக்கும் டாக்டருக்கு முகம் பார்த்துப் பேச முடிந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று மலையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தவர்களுக்குத் தெரியும்.

நான் தருமபுரி டவுனில் இருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம். வாசலில் ஃபைபர் இருந்தால் அதை விட வேகமும் மலிவும் இதில் வராது. ஓசூர், கிருஷ்ணகிரி டவுனுக்கும் இதே பதில்தான். தளி, அஞ்செட்டிப் பக்கம் தோட்டம் வாங்கிப் போட்டு அங்கிருந்து பெங்களூரு கம்பெனி வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தலாம்.

கரண்ட் போனால்?

நெட்டும் போகும். ரவுட்டரைப் போல ஐந்து பத்து வாட்டில் ஓடுகிற பொருள் இல்லை இது. ஸ்டார்லிங்க்கின் வழக்கமான குடை 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினால் நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைப்பதே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், அதை இந்தக் குடை ஒன்றே தின்றுவிடும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்லப் போவதில்லை. சின்ன வகைக் குடை 25 முதல் 40 வாட், அது கொஞ்சம் தேவலாம்.

மலையில் காற்றடித்தால் கரண்ட் போய் இரண்டு நாள் கழித்து வருவதும் உண்டு. பேட்டரியும் சோலார் தகடும் சேர்த்துக் கணக்குப் போடாமல் குடைக்கு மட்டும் காசு சேர்க்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மலை ஊரில் டவர் வந்தது, திறப்பு விழாவெல்லாம் நடந்தது, டீசல் ஊற்ற ஆள் இல்லாமல் கரண்ட் போகும்போதெல்லாம் டவரும் செத்துப்போனது. அந்த ஏமாற்றம் இன்னொரு தடவை வரக் கூடாது.

மழையில் வேலை செய்யுமா?

தூறலுக்கு ஒன்றும் ஆகாது. கொட்டுகிற மழையில் குறையும், சில நிமிடம் நின்றும் போகும். இந்தக் குடைகள் பேசும் அலைவரிசை 10 முதல் 14 ஜிகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது, அந்த அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும். டிடிஹெச்சில் மழை நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, அதே காரணம்.

ஆனால் மழைக் கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து நம் பக்கம் வந்து நின்றபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகள் தண்ணீரில் அடித்துப் போனது எல்லார் போனிலும் வந்தது. அரூரிலும் 30 செ.மீ.க்கு மேல். ரோடு அறுத்துக்கொண்டு போனதால் எங்கள் ஃபைபரும் போனது, டவர்களுக்கு வரும் ஃபைபரும் போனது. சகதியில் நின்று ஒயரை ஒட்டவைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் மட்டுமாவது ஒரு குடை இருந்திருந்தால், மழை கொஞ்சம் விட்டதும் தொடர்பு திரும்பியிருக்கும். ரோட்டை நம்பாத இணைப்பு அது ஒன்றுதான். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்து தனித்துப்போன டோங்கா தீவு நாட்டுக்குச் சாட்டிலைட் இணைப்புகள்தான் கைகொடுத்தன. மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

எல்லார் வீட்டுக்கும் கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்காது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2025 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்பு இணை அமைச்சர் பெம்மசானி சந்திரசேகர், ஸ்டார்லிங்க்கால் இந்தியாவில் 20 லட்சம் இணைப்புதான் கொடுக்க முடியும், வேகம் 200 எம்பிபிஎஸ் வரை என்றார். 140 கோடிப் பேருக்கு 20 லட்சம். ஆள் கணக்கில் பிரித்தால் 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர் இருந்த தருமபுரி மாவட்டத்துக்கு ஏறக்குறைய 2,100 இணைப்பு, 18.8 லட்சம் பேர் இருந்த கிருஷ்ணகிரிக்கு 2,700 இணைப்பு வரும். இது என் கணக்கு, யாரும் ஒதுக்கியது இல்லை. ஆனாலும் அளவு புரிகிறதல்லவா? சாட்டிலைட்டுகள் கூடினால் இந்த எண்ணும் கூடும், ஆனால் ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு என்கிற அளவுக்கு வராது.

நாம் இருக்கும் இடமும் கொஞ்சம் சாதகம் இல்லாதது. ஸ்டார்லிங்க்கின் பெரும்பாலான சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு 43, 53 டிகிரி சாய்ந்த பாதைகளில் சுற்றுகின்றன. அந்த அட்சரேகைகளுக்குப் பக்கத்தில்தான் அவை நெருக்கமாக இருக்கும், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது வசதி. நாம் 12 டிகிரியில் இருக்கிறோம், இங்கே அதே கூட்டம் பரவி மெலிந்துவிடும்.

அதனால்தான் நான் சொல்வது: இந்தச் சில ஆயிரம் இணைப்பும் டவுனில் வசதியானவர்கள் வீட்டு மாடியில் இரண்டாவது நெட்டாகப் போய் நின்றால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதுவே ஊருக்கு ஒன்றாக மலைப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுகாதார நிலையம் என்று போனால் நம் இரண்டு மாவட்டத்து மலை ஊர்கள் அத்தனைக்கும் போதும், மிச்சமும் இருக்கும்.

விலை எவ்வளவு வரும்?

2025 டிசம்பரில் மாதம் 8,600 ரூபாய், குடைக்கு 34,000 ரூபாய் என்று ஒரு விலை பரவியது. அது சோதனைக்காகப் போட்ட எண், தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டது என்று ஸ்டார்லிங்க் மறுத்துவிட்டது. பங்களாதேஷில் 2025 மே மாதம் தொடங்கியபோது குறைந்த திட்டம் மாதம் 4,200 டாக்கா, நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம். நம் ஊரில் நானூறு ஐநூறு ரூபாய்க்கு ஃபைபர் கிடைக்கிறது. மலையில் ஒரு குடும்பத்துக்கு மாதம் மூவாயிரம் என்பது நடக்காத காரியம். அறுபது வீடு சேர்ந்தால் வீட்டுக்கு ஐம்பது ரூபாய், அது நடக்கும்.

அலைக்கற்றைக்கு அரசு வாங்கும் கட்டணமும் விலையில் சேரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதம் வருவாயில் 4 சதவீதமும், நகரத்து இணைப்பு ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 500 ரூபாய் கூடுதலாகவும் பரிந்துரைத்தது. கிராமத்துக்கு அந்த 500 கிடையாது. இந்தப் பாகுபாடு சரியான பாகுபாடு.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி ஒரு குடை வாங்கி வரலாமா?

கூடாது. இங்கே அனுமதி இல்லாத கருவியை வைத்திருப்பதே குற்றம். 2024இல் அந்தமான் பக்கம் போதைப்பொருள் படகிலும் மணிப்பூரிலும் ஸ்டார்லிங்க் கருவிகள் பிடிபட்ட பிறகு கெடுபிடி கூடிவிட்டது. ஸ்டார்லிங்க்குக்குத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் 2025 ஜூனிலும் தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி ஜூலையிலும் வந்தன. முறைப்படி வாங்குங்கள். "முன்பதிவு செய்து தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2021இல் உரிமம் வாங்கும் முன்பே முன்பணம் வசூலித்த அந்த நிறுவனமே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

எல்லாம் சரி, ஆபத்து என்ன?

எனக்குப் பெரிய கவலை சுவிட்ச் யார் கையில் என்பதுதான். எங்கள் ஒயர் அறுந்தால் உங்களுக்கு என் நம்பர் தெரியும், திட்டிக் கூப்பிடலாம், வந்து நிற்பேன். வானத்தில் இருப்பது ஒரு கம்பெனியின் சொத்து, கம்பெனி இன்னொரு நாட்டில். 2022இல் உக்ரைன் போரில் கிரிமியாவின் செவஸ்தபோல் வரை இணைப்பைத் திறந்துவிடச் சொல்லி வந்த அவசரக் கோரிக்கையைத் தான் ஏற்கவில்லை என்று ஈலான் மஸ்க் 2023இல் தானே எழுதினார். அந்த முடிவு சரியா தவறா என்று நான் பேச வரவில்லை, ஒரு போரில் எங்கே நெட் இருக்கும் எங்கே இருக்காது என்பதை ஒரு தனி மனிதர் முடிவு செய்ய முடிந்தது, அது போதும் கவலைப்பட.

இரண்டாவது, விழுந்தால் மொத்தமாக விழும். 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் நின்றது, காரணம் உள் மென்பொருள் கோளாறு. எங்கள் வேலையில் ஒரு இடத்தில் அறுந்தால் ஒரு தெருவுக்குத்தான் போகும். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே நாளில், வியாசாட் நிறுவனத்தின் சாட்டிலைட் நெட் மேல் இணையத் தாக்குதல் நடந்து ஐரோப்பாவில் பல்லாயிரம் மோடம்கள் செத்தன. போருக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கவனிக்கும் தொடர்பும் அதில் போனது. ரேஷனையும் ஆஸ்பத்திரியையும் ஒரே குடையில் தொங்கவிட்டால் இந்த மாதிரி நாளில் மலை ஊர் மாட்டிக்கொள்ளும்.

இந்திய அரசு உரிமம் கொடுக்கும்போது தரை நிலையம் இங்கே இருக்க வேண்டும், தகவல் இங்கே வழியாகத்தான் போக வேண்டும், தேவைப்பட்டால் பாதுகாப்பு அமைப்புகள் ஒட்டுக்கேட்கவும் நிறுத்தவும் முடிய வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. வெளிநாட்டுக் கம்பெனி இஷ்டத்துக்கு ஆடாமல் இருக்க அது தேவைதான். அதே சமயம், ஒரு போராட்டம் வந்தாலே நெட்டை நிறுத்துவது பழகிப்போன நாட்டில் அந்த சுவிட்ச் இன்னொரு கையிலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இது வந்துவிட்டால் ஃபைபர், டவர் எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடுவார்களா?

இந்தப் பயம் எனக்கும் உண்டு, என் பிழைப்புக்காக மட்டும் இல்லை. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்று மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் வேலை எடுத்தது. 2022 ஜூலையில் மத்திய அரசு நாடு முழுக்க 24,680 சிக்னல் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. இவை மெதுவாக நகர்கிற வேலைகள். "மலைக்கா, அங்கேதான் சாட்டிலைட் வந்துவிட்டதே" என்று ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதினால் அந்த மெதுவான வேலையும் நின்றுவிடும். ஒரு தடவை பூமிக்குள் போன ஃபைபர் இருபது முப்பது வருடம் நிற்கும், முனையில் இருக்கும் பெட்டியை மாற்றினால் வேகம் பத்து மடங்கு கூடும். ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டின் ஆயுளே ஏறக்குறைய ஐந்து வருடம்தான், அப்புறம் எரிந்து விழும், புதியது ஏற்ற வேண்டும், அதற்கான செலவை நாம் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபைபர் வரும்வரைக்கும் குடை, வந்த பிறகு குடை மாற்று வழி. இப்படித்தான் கேட்க வேண்டும், கிராம சபையிலும் இப்படியே தீர்மானம் எழுத வேண்டும்.

இத்தனை ஆயிரம் சாட்டிலைட் சுற்றினால் மோதாதா?

மோதும். மோதியும் இருக்கிறது. 2009 பிப்ரவரி 10 அன்று ஓடிக்கொண்டிருந்த அமெரிக்கச் சாட்டிலைட் இரிடியம்-33ம் செத்துப்போன ரஷ்யச் சாட்டிலைட் காஸ்மாஸ்-2251ம் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. ஒரு மோதலின் துண்டுகள் இன்னொன்றை உடைத்து, அது இன்னொன்றை உடைத்து, கடைசியில் அந்த உயரமே பயன்படாமல் போகலாம் என்று 1978லேயே நாசா விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் எழுதிவிட்டார். 2021இல் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகளைத் தவிர்க்கத் தன் விண்வெளி நிலையத்தை இரண்டு தடவை நகர்த்த வேண்டி வந்ததாகச் சீனா ஐ.நா.விடம் புகார் கொடுத்தது. 550 கி.மீ. உயரத்தில் செத்துப்போனால் காற்றின் உரசலில் சில வருடத்தில் தானே கீழே வந்து எரிந்துவிடும். 1,200 கி.மீ.யில் செத்தால் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே சுற்றும். சூரியப் புயலும் உண்டு, 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகளில் நாற்பதுக்குப் பக்கத்தில் அப்படியே போய்விட்டன.

நம் ஊர் ஆட்கள் நினைக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரூரிலிருந்து வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். இப்படி மெல்லிய வெளிச்சத்தைத் தேடுகிறவர்கள் எடுக்கும் படத்தில் சாட்டிலைட்டுகள் கோடு கோடாக விழுகின்றன, உலகம் முழுக்க வானியல் ஆட்கள் இதைச் சொல்லி வருந்துகிறார்கள். சித்தேரியில் என் தாத்தா விடியற்காலை மணி பார்த்தது நட்சத்திரத்தை வைத்துத்தான். அந்த வானம் யாருக்கும் எழுதிக் கொடுத்த பட்டா நிலம் இல்லையே என்று எனக்குத் தோன்றுகிறது.

கதிர்வீச்சு ஏதும்?

குடை அனுப்புவது சில வாட் ரேடியோ அலை, வானத்தைப் பார்த்து. உயரத்தில் கம்பத்தில் மாட்டுங்கள், அதன் முகத்துக்கு நேரே நிற்காதீர்கள், போதும்.

குடையே இல்லாமல் போனுக்கே நேராக வருமாமே?

அந்த வேலையும் நடக்கிறது. 2025 டிசம்பர் 24 அன்று நம் எல்விஎம்3 கொண்டுபோன ஏஎஸ்டி நிறுவனத்தின் புளூபேர்டு சாட்டிலைட் அதற்கானதுதான், 6,100 கிலோ எடை. அதன் ஆன்டெனா விரிந்தால் ஏறக்குறைய 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. சாதாரணப் போனின் மெல்லிய குரலைக் கேட்க அவ்வளவு பெரிய காது வேண்டியிருக்கிறது. ஆபத்து நேரத்தில் ஒரு மெசேஜ், ஒரு கால் என்ற அளவில் இது மலைக்கு வரப்பிரசாதம். வீட்டுக்குள் படுத்துக்கொண்டு படம் பார்ப்பதற்கு இதை எதிர்பார்க்காதீர்கள், கூரைக்கு அடியில் வானம் தெரியாதே.

எங்கள் ஊருக்குச் சேர்ந்து ஒன்று போடலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

இடத்திலிருந்து. தென்னை, பலா, பாறை எதுவும் மறைக்காமல் அகலமாக வானம் தெரிய வேண்டும், ஒரு கிளை குறுக்கே வந்தாலும் சாட்டிலைட் அதன் பின்னால் போகும் ஒவ்வொரு தடவையும் இணைப்பு வெட்டும். கரண்ட் பெட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். மலையில் இடி விழும், எர்த் போடாமல் இரும்புக் கம்பம் நடாதீர்கள். குரங்குக்குப் பயந்து ஒயரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

அப்புறம், திட்டத்தை வாங்கும் முன் அதை ஊரோடு பகிர அனுமதி உண்டா என்று கேளுங்கள், வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றுதான் வழக்கமாக இருக்கும். பொது வைஃபைக்குப் பிஎம்-வாணி என்று 2020இல் வந்த முறை இருக்கிறது, அதில் கடைக்காரர் ஒருவர் உரிமம் இல்லாமலே ஊருக்கு நெட் பகிரலாம். பணத்துக்கு ஊராட்சியையும் பழங்குடியினர் நலத்துறையையும் கேளுங்கள். டிஜிட்டல் பாரத் நிதி என்று ஒரு நிதியும் இருக்கிறது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் வருவாயில் 5 சதவீதம் அதில் கட்டுகின்றன, இந்த மாதிரி ஊர்களுக்காகத்தான். நம் பணம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். அந்த ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் குடை துருப்பிடிக்கும். இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், அவர்கள்தான் ஊரில் தங்குகிறார்கள்.

சித்தேரியில் நான் இடம் பார்த்து வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்து மொட்டை மாடி, சுற்றி மரம் இல்லை, ரேஷன் கடை எண்பது அடி தூரம், அதுவரைக்கும் இழுக்க ஃபைபர் துண்டு என்னிடமே இருக்கிறது.